மூச்சில் வெளியேறும் மயக்க மருந்து எங்கே போகிறது? – வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் மயக்க மருந்து பற்றி எழுதிய கட்டுரையில், அறுவைச் சிகிச்சை அறையில் பயன்படும் சில வாயுக்கள் புவி வெப்பமடைவதற்கும் காரணமாகின்றன என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இம்மாதம் மிகுதியான கடிதங்கள் வந்திருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு இது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆகவே, இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. இரண்டு மாதங்களுக்கு முன்பு அவருக்குப் பித்தப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகன் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, "பாட்டிக்குக் கொடுத்த மருந்து இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. – வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: நான் மருத்துவம் பயின்ற காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. உங்கள் மகனுக்கு என் பாராட்டுகள்.

பொது மயக்கம் தருவதற்கு இன்று பெரும்பாலும் பயன்படுபவை செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் ஆகிய மூன்று மருந்துகள். இவை புட்டியில் திரவமாக வரும். மயக்க மருந்து இயந்திரத்தில் உள்ள ஆவியாக்கி அவற்றை ஆவியாக்கி, ஆக்சிஜனோடும் காற்றோடும் கலந்து நோயாளியின் நுரையீரலுக்கு அனுப்பும். வாய்வழியாக விழுங்கும் மாத்திரையை நம் உடல் சிதைத்துக் கழிவாக்குவது போல இந்த ஆவிகளையும் சிதைத்துவிடும் என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் செவோஃப்ளூரேனில் நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவாகவே உடலில் மாற்றமடைகிறது. டெஸ்ஃப்ளூரேனில் மாற்றமடைவது பத்தாயிரத்தில் இரண்டு பங்கு மட்டுமே. எஞ்சியது அனைத்தும் உள்ளே போன வடிவத்திலேயே மூச்சோடு வெளியே வந்துவிடுகிறது.

அப்படி வெளியே வருவதில் ஒரு பகுதி சோடா சுண்ணாம்பு நிரப்பிய கலத்தின் வழியாகச் சென்று, அங்கே கரியமிலவாயு மட்டும் நீக்கப்பட்டு, மீண்டும் நோயாளியிடம் திரும்புகிறது. மிகுந்துபோகும் பகுதியை உறிஞ்சுகுழாய் ஒன்று இழுத்துக் கட்டடத்திற்கு வெளியே விட்டுவிடும். அந்தக் குழாய் அமைக்கப்பட்டதன் நோக்கம், அறைக்குள் நாள் முழுவதும் நிற்கும் மருத்துவர்களும் தாதியரும் அந்த ஆவியைச் சுவாசிக்காமல் காப்பது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால், அதில் பொதுவாக வடிகட்டி எதுவும் இல்லை. வெளியே விடப்படும் ஆவி நேராக வளிமண்டலத்தில் கலந்துவிடுகிறது.

இந்த மூலக்கூறுகளில் கார்பனும் ஃப்ளூரினும் இறுகப் பிணைந்திருக்கின்றன. பூமியிலிருந்து விண்வெளிக்குத் திரும்பும் வெப்பக்கதிர்களில், நீராவியும் கரியமிலவாயுவும் தடுக்காமல் விட்டுவிடும் ஓர் அலைநீளப் பகுதி உண்டு. அந்தப் பகுதியில்தான் இந்தப் பிணைப்பு வெப்பத்தைப் பிடித்துக்கொள்கிறது. திறந்திருக்கும் சன்னலை மறைக்கும் திரையைப் போன்றது இது என்று உங்கள் மகனிடம் சொல்லுங்கள். செவோஃப்ளூரேன் காற்றில் ஓரிரு ஆண்டுகளில் சிதைந்துவிடும். டெஸ்ஃப்ளூரேன் ஏறத்தாழ 14 ஆண்டுகள் நிலைக்கும். உங்கள் அம்மாவுக்கு அன்று தரப்பட்டது இத்தகைய ஆவியாக இருந்தால், அதில் பெரும்பகுதி இப்போதும் நம் தலைக்கு மேல் எங்கோ மிதந்துகொண்டுதான் இருக்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், அண்டார்டிக் நிலையத்தில் எடுத்த காற்றிலும் இந்த மயக்க ஆவிகள் கண்டறியப்பட்டன.

இதைக் கேட்டு உங்கள் அம்மா மனம் வருந்தக் கூடாது. அவருக்குத் தேவையான சிகிச்சை அவருக்குக் கிடைத்தது. எந்த ஆவியை, எவ்வளவு செலவிடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு எங்களுடையது.

கேள்வி: இந்த மருந்துகளுக்கிடையே வேறுபாடு உண்டா? எல்லாமே ஒரே அளவு தீங்கானவையா? – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. நூறாண்டுக் காலத்தில் ஒரு கிலோ கரியமிலவாயு உண்டாக்கும் வெப்பத்தை 1 என்று கொண்டால், அதே எடையுள்ள செவோஃப்ளூரேன் சுமார் 130 மடங்கும், ஐசோஃப்ளூரேன் சுமார் 510 மடங்கும், டெஸ்ஃப்ளூரேன் சுமார் 2,540 மடங்கும் வெப்பம் உண்டாக்கும் என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. 'சிரிப்பூட்டும் வாயு' என்று அழைக்கப்படும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு அது சுமார் 265 மடங்கு.

எடையை மட்டும் பார்த்தால் போதாது. ஒரு நோயாளியை மயக்கத்தில் வைத்திருக்க எவ்வளவு ஆவி தேவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செவோஃப்ளூரேன் 2 விழுக்காடு கலந்தால் போதும். டெஸ்ஃப்ளூரேன் வீரியம் குறைந்தது என்பதால் 6 விழுக்காடு வேண்டும். இயந்திரத்திற்குள் நிமிடத்திற்கு ஒரு லிட்டர் மட்டும் புதிய வாயுவை விடும் சிக்கன அளவில், நடுத்தர வயதுள்ள ஒருவரை ஒரு மணி நேரம் மயக்கத்தில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று நானே கணக்கிட்டுப் பார்த்தேன். டெஸ்ஃப்ளூரேன் சுமார் 25 கிராம் செலவாகும். அது 64 கிலோ கரியமிலவாயுவுக்கு நிகர். ஒரு கிலோமீட்டருக்கு 180 கிராம் கரியமிலவாயு வெளியிடும் பெட்ரோல் காரை எடுத்துக்கொண்டால், இது ஏறக்குறைய 350 கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வரை ஓட்டிச் செல்வதற்குச் சமம். அதே ஒரு மணி நேரத்திற்குச் செவோஃப்ளூரேன் பயன்படுத்தினால் ஆவது 1.3 கிலோ; தேக்காவிலிருந்து பீஷான் வரை ஓட்டிச் செல்வதைப் போன்றது. இரண்டிலும் நோயாளி அமைதியாக உறங்குகிறார். வலியை உணராமல் எழுகிறார்.

டெஸ்ஃப்ளூரேனுக்கு ஏன் இவ்வளவு வரவேற்பு இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். உடலில் அது கரைவது குறைவு. ஆதலால் நீண்ட அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும், உடல் பருமன் உள்ளவர்களும் அதிலிருந்து சற்று விரைவாக விழித்தெழுவார்கள். அந்த நன்மை உண்மையானதுதான். ஆனாலும் பெரும்பாலானோருக்கு அது சில நிமிட வேறுபாடே, செவோஃப்ளூரேனை முறையாகக் குறைத்துக்கொண்டே வந்தால் அந்த வேறுபாடும் சுருங்கிவிடும். டெஸ்ஃப்ளூரேனின் கொதிநிலை 23 டிகிரி செல்சியஸை ஒட்டியது. குளிரூட்டப்பட்ட அறைக்கு வெளியே, நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்தால் அடுப்பில்லாமலே கொதித்துவிடும் திரவம் அது. அதற்கெனத் தனியாக மின்சாரத்தில் சூடாக்கும் ஆவியாக்கி தேவைப்படுவதும் அதனால்தான்.

ஸ்காட்லாந்தின் பொது மருத்துவச் சேவை 2023இல் டெஸ்ஃப்ளூரேனை நிறுத்தியது. இங்கிலாந்தும் 2024இல் அதைப் பின்பற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 சனவரி முதல் தேதியிலிருந்து, மருத்துவக் காரணத்திற்காகத் தவிர்க்கவே முடியாத நேரங்களைத் தவிர, அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே இயற்றியிருக்கிறது. இந்த மருந்தின் காலம் முடிந்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

மருந்தை மாற்றுவதற்கு இணையான பயனுள்ள இன்னொரு செயல், இயந்திரத்தின் திருகைக் குறைப்பது. படுத்திருக்கும் ஒருவரின் உடல் நிமிடத்திற்கு 250 மில்லிலிட்டர் அளவில்தான் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஆகவே, மயக்கம் நிலைபெற்ற பிறகு நிமிடத்திற்கு அரை லிட்டர் புதிய வாயு போதும். வெளிவிடும் மூச்சே சுத்திகரிக்கப்பட்டுச் சுழன்று வந்துகொண்டிருக்கும். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, தொடக்கத்தில் 6 லிட்டரில் திருப்பி வைத்த திருகைக் குறைக்க மறந்து, ஒரு மணி நேரம் அப்படியே விட்டிருக்கிறேன். அப்போது மூத்த மருத்துவர் ஒருவர் வந்து, என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளாமல், திருகைக் கீழே இறக்கிவிட்டுப் போவார். அன்று நான் வீணாக்கியவற்றை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. இன்றைய இயந்திரங்கள், நோயாளி வெளிவிடும் மூச்சில் உள்ள ஆக்சிஜன், கரியமிலவாயு, மயக்க ஆவி ஆகிய அனைத்தையும் ஒவ்வொரு மூச்சிலும் அளந்து திரையில் காட்டுவதால், ஓட்டத்தைக் குறைப்பதில் நோயாளிக்கு ஆபத்து இல்லை.

கேள்வி: நான் ஏழு மாதக் கர்ப்பிணி. பிரசவ வலிக்குச் சிரிப்பூட்டும் வாயு கிடைக்கும் என்று சொன்னார்கள். உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு அதை வேண்டாம் என்று சொல்லலாமா என யோசிக்கிறேன். – வாசகி, பொங்கோல்

பதில்: தயவு செய்து அப்படி யோசிக்காதீர்கள், தங்கையே. வலியால் துடிக்கும் தாய் தனக்குக் கிடைக்கும் நிவாரணத்தைப் பூமிக்காக மறுக்க வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. உங்களுக்கு அந்த வாயு ஒத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் செலுத்தும் எபிடியூரல் ஊசி வேண்டுமென்றால் அதையும் கேளுங்கள். அது வலியை இன்னும் நன்றாகத் தணிக்கும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மகப்பேறு மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

நைட்ரஸ் ஆக்சைடு காற்றில் நூறாண்டுக்கு மேல் நிலைத்திருப்பதும், ஓசோன் படலத்தைக் கரைப்பதும் உண்மைதான். ஆனால், இந்த வாயுவைப் பொறுத்தவரை பெரிய இழப்பு தாய்மாரின் முகமூடியில் நிகழ்வதில்லை. மருத்துவமனைகள் பலவற்றில் இந்த வாயு அடித்தளத்தில் உள்ள பெரிய உருளைகளிலிருந்து சுவர்களுக்குள் பதித்த நீண்ட குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் வருகிறது. ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதி மருத்துவமனைகளில், வாங்கிய வாயுவின் அளவையும் நோயாளிகளுக்குத் தரப்பட்ட அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வாங்கியதில் மிகப் பெரும்பகுதி எந்த நோயாளியையும் சென்றடையவில்லை என்று தெரியவந்தது. மூட்டுகளில் கசிந்தது ஒரு பகுதி. பயன்படாமல் காலாவதியாகித் திறந்துவிடப்பட்டது மற்றொரு பகுதி. வேறு நாடுகளில் தேடிப் பார்த்தவர்களும் இதையே கண்டார்கள். அறுவைக் கூடங்களில் அந்த மையக் குழாயை மூடிவிட்டு, தேவைப்படும் அறைக்கு மட்டும் சிறிய உருளையை எடுத்துச் சென்றால் இழப்பு ஏறக்குறைய நின்றுவிடும். 2024இல் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கமும் இதையே பரிந்துரைத்தது. சுவீடனில், பிரசவ அறையில் தாய் வெளிவிடும் வாயுவைச் சேகரித்து, வினையூக்கி மூலம் நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும் கருவிகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறார்கள்.

1844இல் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் தம் சொந்தப் பல்லைப் பிடுங்கச் செய்து சோதித்துப் பார்த்த வாயு இது. அது செய்த நன்மையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதைச் சுவருக்குள் கசியவிடுவதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: ஊசி மூலமே முழு மயக்கம் தர முடியும் என்கிறார்களே? அப்படியென்றால் எல்லாருக்கும் ஊசியே போட்டுவிடலாமே? – வாசகர், அங் மோ கியோ

பதில்: முடியும். புரோபோஃபால் என்ற, பால் போல வெண்மையான மருந்தைச் சிறு இயந்திரம் மூலம் இரத்தக் குழாயில் இடைவிடாமல் செலுத்தி, அறுவைச் சிகிச்சை முடியும்வரை ஆவி எதுவுமில்லாமலே மயக்கத்தில் வைத்திருக்கலாம். பிறகு குமட்டலும் வாந்தியும் குறைவாக இருக்கும். மயக்க ஆவிகளால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் உயரும் அரிய மரபணுக் கோளாறு உள்ள குடும்பங்களுக்கு இதுவே பாதுகாப்பான வழி. வளிமண்டலத்தை மட்டும் கணக்கில் கொண்டால், ஆவிகளைவிட இதன் பாதிப்பு மிகவும் குறைவு.

ஆனாலும் இது மாசே இல்லாத வழி ஆகாது. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய பிளாஸ்டிக் ஊசிக்குழல், புதிய குழாய், மூளையின் மின்னலைகளைப் பார்ப்பதற்கு நெற்றியில் ஒட்டும் பட்டை எனப் பல பொருள்கள் தேவைப்படுகின்றன. மிஞ்சிய புரோபோஃபாலைத் தொட்டியில் ஊற்றினால் அது எளிதில் சிதையாது. நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும். அதை எரித்தே அழிக்க வேண்டும். வேண்டிய அளவுக்கு ஏற்ற சிறிய புட்டியைத் திறப்பதே இதற்கு நல்ல தீர்வு. குழந்தைகளுக்கு முதலில் ஊசி குத்துவதைவிட, இதமான மணமுள்ள செவோஃப்ளூரேனை முகமூடி வழியாகச் சுவாசிக்க வைப்பது பலமுறை கருணையான வழியாக இருக்கிறது. எனவே எல்லாருக்கும் ஒரே முறை என்று விதிக்க இயலாது.

முழங்கால், இடுப்பு, கை அறுவைச் சிகிச்சைகள் பலவற்றுக்கு, முதுகில் ஊசி போட்டோ குறிப்பிட்ட நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்தோ, பொது மயக்கமே இல்லாமல் செய்யலாம். அப்போது உடன் தரும் ஆக்சிஜனையும் தேவைக்கு மேல் திறந்துவிடக் கூடாது. அதைத் தயாரிக்கவும் மின்சாரம் செலவாகிறது.

கேள்வி: நான் அறுவைக் கூடத்தில் தாதியாக இருக்கிறேன். ஒவ்வொரு நாளும் நாங்கள் வீசும் குப்பையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நாங்கள் என்ன செய்ய முடியும்? – வாசகி, செங்காங்

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள வேதனை எனக்கும் உண்டு. நம் நாட்டில் எரிக்கத்தக்க குப்பை எரியூட்டப்பட்டு, சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்தக் குப்பை நிரப்புமிடம் நம்மிடம் உள்ள ஒரே ஒன்று. 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அங்கு போகும் சாம்பலில் நாம் ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் வீசியவையும் இருக்கின்றன என்பதுதான் வருத்தம் தருகிறது.

நோயாளி அறைக்குள் வருவதற்கு முன்பே பிரிக்கப்படும் அட்டை, தாள், பிளாஸ்டிக் உறை ஆகியவை எந்த இரத்தமும் படாதவை. அவற்றுக்குத் தனிப் பையை முதலிலேயே தொங்கவிடுங்கள்; நோயாளி வந்த பிறகு பிரித்தெடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. உயிரியல் அபாயக் கழிவுக்கான பையில் அவற்றைப் போட்டால் தனி வண்டி, தனி எரியூட்டல் எனச் செலவும் புகையும் கூடுகின்றன.

அவசரத்திற்கு என்று காலையில் ஊசிக்குழலில் ஏற்றி வைத்து, மாலையில் அப்படியே வீசும் மருந்துகளைப் பற்றி மருத்துவர்களிடம் தயங்காமல் பேசுங்கள். நானே பல ஆண்டுகள் அவ்வாறு வீசியிருக்கிறேன். சில மருந்துகளை ஏற்றி வைத்தே ஆக வேண்டும். நோயாளியின் இதயத்துடிப்பு சரியும்போது புட்டியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால், மருந்தகத்தில் முன்கூட்டியே தூய முறையில் நிரப்பி முத்திரையிட்ட ஊசிக்குழல்கள் வைத்திருந்தால், பயன்படாதது மறுநாளுக்கும் ஆகும். தொண்டையில் வைக்கும் சுவாச முகமூடிகளில் நாற்பது முறை வரை சுத்திகரித்துப் பயன்படுத்தும் வகை உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதைவிட அவை சுற்றுச்சூழலுக்கு நல்லவை என்பது ஆய்வில் தெளிவாகியிருக்கிறது. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் இதில் எதையும் தொடங்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்கிறேன், குப்பையைவிட அது பெரியது, கண்ணுக்குத் தெரிவதில்லை. அறுவைக் கூடம், மருத்துவமனையில் அதே அளவுள்ள பிற பகுதிகளைவிட மூன்று முதல் ஆறு மடங்கு ஆற்றலைச் செலவழிக்கிறது. அதில் பெரும்பகுதி குளிரூட்டலுக்கும் காற்றோட்டத்திற்கும் போகிறது. ஒரு மணி நேரத்தில் இருபது முறையோ அதற்கு மேலோ அறையின் காற்று முழுவதும் மாற்றப்படுகிறது. நம் ஊரின் ஈரக்காற்றை நீர் வடியுமளவுக்குக் குளிரவைத்து, பிறகு சற்றே சூடாக்கி அனுப்ப வேண்டியிருப்பதால், சுமை குளிர்நாடுகளைவிட இங்கே அதிகம். நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. இரவு பத்து மணிக்கு ஆளில்லாத அறைக்குப் பகல் போலவே காற்று வீசிக்கொண்டிருந்தால், பொறியியல் பிரிவைக் கேளுங்கள். காற்றழுத்தத்தைக் காத்துக்கொண்டே வேகத்தை மட்டும் குறைக்கும் ஏற்பாடு உண்டு. அவசர அறுவைக்கான ஓர் அறையை மட்டும் ஆயத்தமாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: விமானங்களும் ஜூரோங் தீவின் ஆலைகளும் வெளியிடுவதோடு ஒப்பிட்டால் இந்த ஆவியெல்லாம் ஒரு பொருட்டா? மருத்துவர்களுக்கு வேறு வேலை இல்லையா? – வாசகர், பிடோக்

பதில்: நேர்மையான கேள்வி. 2014ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் வெளியான செவோஃப்ளூரேன் வகை ஆவிகளின் மொத்த அளவு சுமார் 30 லட்சம் டன் கரியமிலவாயுவுக்கு நிகர் என்று மதிப்பிடப்பட்டது. சிங்கப்பூர் ஒன்றே ஓராண்டில் வெளியிடுவது 5 கோடி டன்னுக்கு மேல். ஆகவே, உலகக் கணக்கில் இது சிறு பங்குதான். செவோஃப்ளூரேன் போல விரைவில் சிதையும் ஆவிகளைப் பற்றி அளவுக்கு மீறி அஞ்சுவதாகச் சில அறிவியலாளர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆயினும், அந்த 30 லட்சம் டன்னில் ஏறத்தாழ 80 விழுக்காடு டெஸ்ஃப்ளூரேன் என்ற ஒரே மருந்தால் வந்தது. அதற்கு மாற்று ஏற்கனவே எங்கள் கைக்கெட்டும் தூரத்தில், அதே இயந்திரத்தின்மீது இருக்கிறது. புதிய ஆலை கட்ட வேண்டியதில்லை. மருத்துவச் சேவை முழுவதும் சேர்ந்து உலக வெளியேற்றத்தில் 4 முதல் 5 விழுக்காட்டுக்குக் காரணம் என்பதால், எங்கள் பங்கை எங்களைத் தவிர வேறு யாரும் குறைக்க முடியாது. நம் தீவின் நிலப்பரப்பில் சுமார் 30 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கடும் வெப்பத்தால் மயங்கி விழும் முதியவர்கள் கடைசியில் எங்கள் மருத்துவமனைகளுக்குத்தான் வருகிறார்கள். ஆதலால், இதை எங்கள் வேலையின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

கேள்வி: எனக்கு அடுத்த மாதம் குடலிறக்க அறுவைச் சிகிச்சை. நீரிழிவும் உண்டு. இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டால் தவறாக நினைப்பாரா? – வாசகர், தோ பாயோ

பதில்: நினைக்க மாட்டார், ஐயா. அறுவைச் சிகிச்சைக்கு முந்திய பரிசோதனையின்போது, "பொது மயக்கம் இல்லாமல் செய்ய முடியுமா? முடியாவிட்டால் எந்த ஆவியைப் பயன்படுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். உங்கள் இதயம், நுரையீரல், சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்த்த பிறகு அவர் சொல்லும் முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பாதுகாப்புக்குப் பிறகுதான் மற்றவை. நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்த மாத்திரையை எந்த நாள் நிறுத்த வேண்டும், எத்தனை மணியிலிருந்து உண்ணக் கூடாது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீரிழிவு மாத்திரையை நிறுத்த மறந்ததாலோ காலையில் பசியாறிவிட்டு வந்ததாலோ சிகிச்சை கடைசி நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டால், உங்களுக்காகப் பிரித்து வைத்த கருவிகளும் ஏற்றி வைத்த மருந்துகளும் அன்றே குப்பைக்குப் போய்விடும்.